கவுன்சில் சொன்ன வாடகை

எங்கள் தாமானுக்கு வரி ஏற்ற வந்த அதிகாரிக்கு நாங்கள் மாலை போட்டோம். ஆரத்தி எடுத்தோம். ஐஸ் போட்ட ஆரஞ்சுத் தண்ணீர் கொடுத்தோம். உலகத்தில் வேறு எந்த ஜனமும் இப்படிச் செய்திருக்காது. மாலையை ஏந்திக்கொண்டு முன்னால் நின்றவன் நான். எங்கள் வரிசையில் நான்தான் உயரம், அதற்காக நிறுத்தினார்கள். மூளைக்காக என்னை யாரும் எங்கேயும் முன்னால் நிறுத்தியதில்லை.

எழுபதுகளின் கடைசி அது. ஈப்போவுக்கு வெளியே கோலா கங்சார் சாலையில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்றுவிட்டார்கள். பால்வெட்டு நின்றது. குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அக்காவும் மச்சானும் கைக்கு வந்த கடைசிப் பணத்தைப் போட்டு, சிலிபினைத் தாண்டிப் புதிதாகக் கட்டிய தாமான் குடியிருப்பில் ஒரு மலிவு விலை வீடு வாங்கினார்கள். எங்கள் குடும்பத்தில் துரைக்குச் சொந்தமில்லாத முதல் வீடு அதுதான். இரண்டு அறை, ஒரு கூடம். கூடத்தின் ஒரு மூலையில் நான் படுத்திருப்பேன், இன்னொரு மூலையில் அக்காவின் தையல் மிஷின். ஜன்னல் இருந்த மூலை மிஷினுக்கு. எனக்கு வெளிச்சம் பட்டுப் பிரயோசனமில்லை என்பது அக்காவின் கருத்து.

அவள் கருத்தில் நியாயம் இருந்தது. மச்சான் லாரிப் பட்டறையில் கூலி, வேலை உண்டு என்றால் உண்டு, இல்லையென்றால் இல்லை. நான் ஈப்போவில் ஒரு சீனருடைய இரும்புச் சாமான் கடையில் ஆணி நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். என் சம்பளம் என் நாக்குக்கும் சைக்கிளுக்கும் சரியாக இருக்கும். வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த மிஷின் ஓடியதால்தான். பள்ளிக்கூடச் சட்டை, ரவிக்கை, கல்யாணப் பாவாடை என்று அது காலையில் கடகடக்க ஆரம்பித்தால் விளக்கு வைக்கிற நேரம் வரை ஓயாது.

எங்களை ஆண்டது ஒரு கவுன்சில். பெயர் வேண்டாம். வரி வாங்குவது, குப்பை அள்ளுவது, சாக்கடை கட்டுவது, ரோட்டு விளக்குப் போடுவது என்று அதற்கு நான்கு வேலை. முதல் வேலையை மட்டும் அது தவறாமல் செய்துவந்தது. கவுன்சிலர்களுக்கு நாங்கள் ஓட்டுப் போட்டதில்லை. அந்தத் தேர்தலை எல்லாம் நிறுத்தி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. கட்சி பார்த்து ஆளை நியமிக்கும். அப்படி எங்கள் தலையில் நியமிக்கப்பட்டவரை நாங்கள் ‘தலைவர்’ என்று கூப்பிட்டோம். நாங்கள் தேர்ந்தெடுக்காத மனிதர், எங்களால் இறக்க முடியாத மனிதர். ஆனால் கோயில் திருவிழாவில் முதல் காளாஞ்சி அவருக்குத்தான்.

ஒரு நாள் கோயில் மண்டபத்தில் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

“கவுன்சில் ஆபீசரு வாராரு. வீடு வீடா பாப்பாரு. தாமான நல்லா வச்சிக்குங்க. நல்லா இருந்தாத்தான் நமக்கு நல்லது நடக்கும், சொல்லிட்டேன்.”

“ரோட்டு லைட்டு வருமா தலைவரே?” என்று யாரோ கேட்டார்கள்.

“எல்லாம் வரும்லா. மொதல்ல அவுங்க வரட்டும்.”

அந்த அதிகாரி எதற்கு வருகிறார் என்று தலைவருக்குத் தெரியும். வீடுகளை மறுபடி மதிப்புப் போட்டு வரியை ஏற்றுவது என்று முடிவு செய்த கூட்டத்தில் அவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அதை எங்களிடம் சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும் எனக்குக் காது சூடாகிறது.

தெரியாத நாங்கள் தெரிந்ததைச் செய்தோம். தோட்டத்தில் பெரிய துரை அவ்வப்போது லயம் பார்க்க வருவார். முதல் நாளே எல்லாம் தலைகீழாகும். சுண்ணாம்பு அடி, கால்வாயைக் கழுவு, கோழியைப் பிடித்துக் கூடையைப் போட்டுக் கவிழ், இருமுகிற ஆளைக் கொல்லைப் பக்கம் அனுப்பு. கூரை ஒழுகுகிறது என்று துரைக்குக் காட்டினால், “வீட்ட வச்சிக்கத் தெரியல, வாயி மட்டும் இருக்கு” என்று அன்று சாயங்காலம் கங்காணி உரித்துவிடுவார். பளிச்சென்று இருக்கிற வீட்டைப் பார்த்துத் துரை தலையை ஆட்டுவார். ஆட்டினால் கூரைக்கு ஒரு தகரமாவது கிடைக்கும். ஆக, மேலே இருந்து ஒருவன் பார்க்க வருகிறான் என்றால் இல்லாததை எல்லாம் இருப்பதாகக் காட்ட வேண்டும். இது எங்களுக்கு ரத்தத்தில் இருந்தது. தோட்டத்தை விற்றவர்கள் அதையும் சேர்த்து விற்றிருக்கலாம்.

தாமான் முழுக்கச் சுண்ணாம்பு வாசனை. வாசலுக்கு வாசல் கோலம், மாவிலைத் தோரணம். எங்கள் வரிசையில் சோபா வைத்திருந்தது ஒரே ஒரு வீடு. சிவப்பு ரெக்ஸின் போட்ட சோபா. அந்த ஒன்றை எல்லா வீட்டிலும் இருக்கச் செய்வது எப்படி என்று யோசித்து ஒரு வழி கண்டோம். அதிகாரி ஒரு வீட்டை விட்டு முன்வாசலில் இறங்கியதும் மச்சானும் இன்னொருவரும் சோபாவைத் தூக்கிக்கொண்டு பின்சந்து வழியாக அடுத்த வீட்டுக்கு ஓடுவார்கள். அது போய்ச் சேரும்வரை அதிகாரியை வாசலில் நிறுத்திப் பேச்சுக் கொடுக்க வேண்டும். அந்த வேலை எனக்கு.

வந்தவர் ஓர் இளம் மலாய்க்காரர், நல்ல மனிதர். எங்களைத் திட்டவில்லை, விரட்டவில்லை. கழுத்தில் மாலையோடு வெட்கப்பட்டுக்கொண்டே வீடு வீடாக நடந்தார். நான் மழையைப் பற்றிப் பேசினேன், டுரியான் விலையைப் பற்றிப் பேசினேன், பூப்பந்து பற்றிப் பேசினேன். பாதி வரிசை தாண்டியபோது எனக்கு விஷயம் தீர்ந்துபோய், டுரியானையே மறுபடி ஆரம்பித்தேன். உள்ளே போய் உட்காரும்போது அவர் சோபாவின் கையைத் தட்டிக் கொடுத்ததைப் பார்த்தேன். பழகிய மாட்டைத் தட்டுவதுபோல இருந்தது.

ஒவ்வொரு வீட்டிலும் கடைசியில் ஒரே கேள்வி கேட்டார். “கலாவ் சேவா, பிராப்பா?” வாடகைக்கு விட்டால் எவ்வளவு கிடைக்கும்?

எங்களுக்கு அது கேள்வியாகவே படவில்லை, பாராட்டாகப் பட்டது. துரை எவனும் எங்கள் வீட்டுக்கு விலை கேட்டதில்லை. அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஒரு தொகை சொன்னாள். அதைக் கேட்டு, அப்போதுதான் சோபாவை இறக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மச்சானுக்கு இருமல் வந்துவிட்டது. அடுத்த வீட்டம்மாள் சும்மா இருப்பாளா?

“அவ வீட்டுக்கே அம்புட்டுன்னா, எங்க வீடு காத்தோட்டம்லா! இன்னும் கூடப் போட்டுக்குங்க!”

அதற்கு அடுத்த வீட்டுக்காரர் சுவரைத் தட்டிக் காட்டி அதற்கும் மேலே போனார். நானும் கூடவே நின்று “பெத்துல், பெத்துல்” என்று தலையாட்டி எல்லாவற்றையும் மலாயில் உறுதிப்படுத்தினேன். வரிசை முடிந்தபோது எங்கள் மலிவு விலை வீடுகள் ஈப்போவில் டாக்டர்கள் குடியிருக்கிற பங்களாக்களோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தன. அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். போகும்போது “சாந்தேக், சாந்தேக்” என்றார். அழகாக இருக்கிறதாம். நாங்கள் கைதட்டினோம்.

வரிச் சீட்டு வந்தது. வீடு எவ்வளவு வாடகைக்குப் போகுமோ அதை வைத்துத்தான் கவுன்சில் வரி போடும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பழைய வரியைப்போல மூன்று மடங்கு. சீட்டின் கீழே, சாக்கடை, தெருவிளக்கு, குப்பை எடுத்தல் ஆகிய சேவைகளுக்காக என்று போட்டிருந்தது. எங்கள் சாக்கடை பாதி வரை வந்து நின்றிருந்தது. விளக்கு கிடையாது. குப்பை லாரி எப்போது வரும் என்று கேட்டால், மழை எப்போது வரும் என்று கேட்பதுபோல எல்லாரும் வானத்தைப் பார்ப்பார்கள்.

“கட்டித் தொலைச்சிரலாம்,” என்றார் மச்சான். “கட்டலன்னா ஜப்திக்கு வருவானுங்க. கடைசி ரோட்டுல ஒருத்தன் வீட்டுல டிவிய தூக்கிட்டுப் போயிட்டானுங்களாம்.”

“நம்ம வீட்டுல தூக்குறதுக்கு என்ன இருக்கு?” என்றேன் நான், தைரியமாக.

மச்சான் கூடத்து மூலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அக்கா மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் தூக்கினால் காசாகிற பொருள் அது ஒன்றுதான். மற்றது எல்லாம் பாயும் நானும்.

“கட்ட மாட்டேன்,” என்றாள் அக்கா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். “பழைய வரி கேட்டா கட்டுறேன். இத கட்ட மாட்டேன்.”

“வாடக அவ்ளோன்னு நீதான சொன்ன?”

“பெருமைக்குச் சொன்னேன். பெருமைக்கு எவனாச்சும் வரி போடுவானா?”

இதைவிடத் தெளிவாக எந்த வக்கீலும் எங்கள் வழக்கைச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் இதைக் கேட்கிற நீதிமன்றம் எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. ஆகவே எல்லாரும் போகிற இடத்துக்கு நாங்களும் போனோம். தலைவர் வீட்டுக்கு.

தலைவர் வீடு பெரிய ரோட்டைத் தாண்டி இருந்தது. இரண்டு கார் நிற்கிற தாழ்வாரம், பளிங்கு மாதிரி தரை. செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் நான் கையில் எடுத்துக்கொண்டேன். தலைவர் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, காலங்காத்தாலயே?”

“வரி அண்ணே,” என்றாள் அக்கா. “இப்பிடி ஏத்தினா எங்கள மாதிரி ஆளுங்க என்னத்த வித்துக் கட்டுறது?”

“நாடு வளருதும்மா. வளருற நாட்டுல வரியும் வளரும். நாமதான் ஒத்துழைக்கணும்.”

“தலைவரே,” என்றேன் நான், செருப்பை முதுகுப் பக்கம் மறைத்துக்கொண்டு, “உங்களுக்கு எவ்ளோ வளந்துச்சு?”

“எனக்கு ஏதுப்பா கவுன்சில் வரி? ரோட்டுக்கு அங்கிட்டுதான் கவுன்சில். இங்கிட்டு எல்லையத் தாண்டி இருக்கு. நான் கட்டணும்னு ஆசப்பட்டாலும் வாங்க மாட்டானுங்க.”

சொல்லி வாய் மூடவில்லை. கவுன்சிலின் குப்பை லாரி வந்து கேட்டுக்கு முன்னால் நின்றது. இரண்டு பேர் குதித்து இறங்கித் தலைவர் வீட்டுத் தொட்டி இரண்டையும் கவிழ்த்து, தொட்டியைத் தட்டி, மூடியைத் துடைத்து வைத்து, “பாகி, பொஸ்!” என்று சலாம் வைத்துவிட்டுப் போனார்கள். அதே லாரிதான். கதவில் அதே கவுன்சில் சின்னம். எங்கள் பக்கம் திரும்பாமல் நேராகப் போய்விட்டது.

அக்கா லாரி போன திசையையே பார்த்துக்கொண்டு கேட்டாள். “பாவம், எல்ல தாண்டி வழி தவறி வந்திருச்சா அண்ணே?”

தலைவர் பேப்பரை மடித்தார். “அது அவுங்களா வாராங்க. நான் கூப்பிடல. இந்த மாதிரி குத்திப் பேசுனா ஒரு காரியமும் ஆகாது, சொல்லிட்டேன். வாடக அம்புட்டு வரும்னு ஆபீசருகிட்ட ஏத்திச் சொன்னது யாரு? நானா?”

அந்த அடி சரியான இடத்தில் விழுந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் நான் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன். எங்கள் குப்பை எங்கள் வாசலில் நாறுகிறது. அதை அள்ளுவதற்கு என்று எங்களிடம் பணம் கேட்கிறார்கள். கேட்கிறவரின் குப்பையை எங்கள் பணத்தில் அள்ளி, மூடியைத் துடைத்து வைக்கிறார்கள். ஏமாந்தோம் என்று சொன்னால், ஏமாந்தது உன் குற்றம் என்கிறார். கட்சிக்காரர்கள் கையில் அகப்பட்ட எளிய ஜனத்துக்கு நேர்வது எல்லாம் இந்த ஒரு காலைப் பொழுதில் அடக்கம்.

அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து அக்கம்பக்கத்தார் புலம்பிக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போல விளையாட்டாக ஒன்று சொன்னேன். “எதுக்கு அழுவுறீங்க? கவுன்சில் சொன்ன வாடகைக்கு வீட்ட விட்டுட்டு, அந்தக் காசுல நாம எல்லாரும் பினாங்குல போயி கடலப் பாத்துக்கிட்டு படுத்திருக்கலாம்லா!”

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

“போர்டு எழுது,” என்றாள்.

“என்ன போர்டு?”

“வீடு வாடகைக்கு. கவுன்சில் போட்ட தொகைய அப்பிடியே எழுது. ஒரு வெள்ளி கூட்டாத, ஒரு வெள்ளி கொறைக்காத. எவன் வர்றான்னு பாப்போம்.”

என் வாழ்நாளில் நான் சொன்ன ஜோக்கை ஒருவர் எடுத்து வேலைக்கு வைத்தது அதுவே முதல் தடவை. மறுநாள் கடை முதலாளி தவுக்கேயிடம் உடைந்த பலகைத் துண்டுகள் கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன். கவுன்சில் அவர் கடைக்கும் மதிப்பு ஏற்றியிருந்தது. உள்ளே போய் நல்ல பலகையாகவே ஒரு கட்டும், பாதி மிச்சமிருந்த ஒரு டின் சிவப்புச் சாயமும் கொண்டுவந்து வைத்தார். பெரிய எழுத்தாக எழுது என்று மட்டும் மலாயில் சொன்னார்.

தமிழ், மலாய், சீனம். சீனம் தவுக்கே எழுதிக் கொடுத்ததைப் பார்த்து நான் வரைந்தேன். முதல் பலகை அக்கா வீட்டு வாசலில். அடுத்து பக்கத்து வீடு. பிறகு வரிசை முழுக்க, அடுத்த வரிசை, அதற்கடுத்தது. ‘வீடு வாடகைக்கு. தொகை: கவுன்சில் மதிப்பிட்டபடி.’ கீழே அந்தந்த வீட்டுத் தொகை. பெரிய ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால் ஒரு தாமானே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புவதுபோல இருந்திருக்கும்.

முதலில் ஓடி வந்தவர் தலைவர்தான். காரை விட்டு இறங்கும்போதே மூச்சு வாங்கியது.

“என்னப்பா இது? எல்லாரும் எங்க போறீங்க? பொதுத் தேர்தல் வருதுலா! இப்பப் போயி ஆளு கலஞ்சா நான் மேலிடத்துக்கு என்ன பதில் சொல்றது?”

எங்கள் ஓட்டு அவருக்கு இல்லை என்றாலும், அவரை நியமித்தவர்களுக்கு வேண்டும். எங்களுக்கும் ஒரு விலை இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

“தொகைக்கு ஆள் வந்தா போயிருவோம் அண்ணே,” என்றாள் அக்கா. “நீங்களே எடுத்துக்கிறீங்களா? நல்ல காத்தோட்டம்.”

உண்மையாகவே வீடு தேடி வந்தவர்கள் ஒரே ஒரு தம்பதி. சீனர்கள், மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். அந்த அம்மாள் உள்ளே வந்து இரண்டு அறையையும் கூடத்தையும் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், பிறகு வெளியே போய்ப் பலகையை மறுபடி படித்தார். இந்தக் காசுக்கு ஈப்போ டவுனில் மாடி வீடு கிடைக்குமே, உங்களுக்குப் பைத்தியமா என்று மலாயில் கேட்டார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இதைக் கவுன்சிலில் வந்து சொல்வீர்களா என்றாள். அவர் பயந்துபோய்ப் புருஷனை வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார்.

ஆட்சேபம் சொல்ல நாள் கொடுத்திருந்தார்கள். கவுன்சில் கட்டடத்தில் நீண்ட மேஜை. நடுவில் கவுன்சில் தலைமை அதிகாரி, பக்கத்தில் எங்கள் தலைவர், ஓரத்தில் மாலை வாங்கிய அந்த இளைஞர். அக்காவோடு நான் பேச்சாளனாகப் போயிருந்தேன். ராத்தூக்கத்தைக் கெடுத்து ஓர் உரை தயாரித்திருந்தேன். அதில் மக்கள், உரிமை, வியர்வை எல்லாம் வரும். “சுருக்கமாகச் சொல்லுங்கள்” என்றார் அதிகாரி. எனக்கு மக்கள் மறந்துபோனது, உரிமை மறந்துபோனது, வியர்வை மட்டும் வந்தது.

அக்கா எழுந்தாள். அவளுக்குத் தெரிந்தது தோட்டத்து மலாய். இலக்கணம் கிடையாது, ஆனால் எதிரே இருப்பவருக்குப் புரியாமல் போகாது.

“துவான், நீங்க சொன்ன வாடகைக்குப் போர்டு மாட்டினேன். ஒரு ஆளும் எடுக்கல. அதனால நீங்களே எடுத்துக்குங்க. கவுன்சிலே சேவா எடுத்துக்கட்டும். மாசா மாசம் அந்தக் காச குடுங்க. அதுல நான் வரியும் கட்டுறேன், மீதிய வச்சிச் சோறும் தின்றேன். இப்பவே சாவி தாரேன்.”

மடியிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

இளைஞர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. தலைவர் சாவியைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். தலைமை அதிகாரி சாவியைப் பென்சிலால் எங்கள் பக்கம் தள்ளி, “பரிசீலிக்கிறோம்” என்றார். அவ்வளவுதான். அதற்கிடையில் வரியைக் கட்டியாக வேண்டும் என்றும் சொன்னார். பரிசீலனை அவர்கள் வேலை, கட்டுவது எங்கள் வேலை.

அக்கா கட்டவில்லை. கட்டாதவர்கள் தாமானில் இன்னும் பலர் இருந்தார்கள். ஆனால் வேன் முதலில் வந்து நின்றது அக்கா வீட்டு வாசலில். ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று கடைக்கு விடுமுறை, நான் வீட்டில் இருந்தேன். சீருடை போட்ட இரண்டு பேர் உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார்கள். பாயைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், நேராக மிஷினிடம் போனார்கள். மறுநாள் முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய ஒரு ரவிக்கை பாதி தைத்தபடி ஊசிக்கடியில் இருந்தது.

“அண்ணே, கொஞ்சம் யோசிங்க,” என்றேன். எப்போதும் நூறு பதில் வைத்திருக்கிற வாய்க்கு அன்றைக்கு வந்தது அது ஒன்றுதான். மச்சான் குறுக்கே போய் நின்றார். அக்கா அவரைக் கையால் விலக்கினாள்.

“தூக்கட்டும். வுடுங்க.”

தூக்கினார்கள். வேனில் ஏற்றினார்கள். கதவைச் சாத்தப் போகும்போது அக்கா சேலையைச் செருகிக்கொண்டு தானும் ஏறி, மிஷினுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“காக், துருன்லா,” என்று இறங்கச் சொல்லிக் கெஞ்சினார் டிரைவர்.

“ரவிக்க ஊசியில இருக்கு. நாளைக்கிக் கல்யாணம். மிஷின் போற எடத்துக்கு நானும் போவேன்.”

ஒரு பெண்பிள்ளையைக் கையைப் பிடித்து இறக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. வாசலில் கூடிவிட்ட பெண்களின் முகத்தைப் பார்த்தால் எனக்கும் வந்திருக்காது. வேன் கிளம்பியது. பின்னால் நான் சைக்கிளில். ஒரு புரட்சியைத் துரத்திக்கொண்டு போகும்போது செயின் கழன்றுவிடுகிற துரதிர்ஷ்டம் எனக்கு மட்டும்தான் வாய்க்கும்.

நான் கிரீஸ் கையோடு போய்ச் சேர்ந்தபோது கவுன்சில் சாமான் கிடங்கில் அக்கா தைத்துக்கொண்டிருந்தாள். ஜப்தி செய்த டிவிகள், சைக்கிள்கள், ஒரு குளிர்பெட்டி, நடுவில் கடகடவென்று மிஷின். கிடங்குக்காரர் நாற்காலியைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். மாடியிலிருந்து ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பூட்டுகிற நேரம் வந்தது. மிஷினை உள்ளே வைத்துப் பூட்டலாம், அதற்கு உத்தரவு இருக்கிறது. அக்காவை உள்ளே வைத்துப் பூட்ட உத்தரவு இல்லை. அக்காவோ மிஷினை விட்டு எழுவதாக இல்லை.

கடைசியில் அந்த இளம் அதிகாரி இறங்கி வந்தார். ஒரு டிவி பெட்டிமேல் உட்கார்ந்து, தணிந்த குரலில் பேசினார். அந்த வாடகைத் தொகைகளைப் பார்த்தபோதே தனக்குச் சந்தேகம் வந்தது என்றும், குறைத்து எழுதலாமா என்று மேலே கேட்டதற்கு, அவர்கள் வாயால் சொன்னதை நீ ஏன் மாற்றுகிறாய் என்று உங்கள் ஆளே சொன்னார் என்றும் சொன்னார். ‘உங்கள் ஆள்’ என்று சொல்லும்போது கண்ணால் மாடியைக் காட்டினார். எங்கள் தலைவர்தான். எனக்கு அந்த நிமிடத்தில் வந்த கோபத்தை வைத்து அந்தக் குளிர்பெட்டியைத் தலைக்குமேல் தூக்கியிருப்பேன். நெஞ்சளவுக்குத்தான் வந்திருக்கும், அது வேறு விஷயம்.

இளைஞர் மேலே போய் வாதாடிவிட்டு வந்தார். ஆட்சேபம் முடிகிறவரை பழைய வரியைக் கட்டினால் போதும், மிஷினைக் கொண்டுபோகலாம்.

“பழைய வரிதான? அத மொத நாளே கட்டுறேன்னு சொன்னேன்,” என்று அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கட்டிவிட்டு வந்து, “எடுத்துட்டு வந்தது நீங்க. கொண்டுபோயி வைக்கிறதும் நீங்க,” என்றாள். அதே வேன், அதே இரண்டு பேர். ஜன்னலுக்கு நேராக, பழைய தடத்திலேயே கால் பதிகிற மாதிரி வைக்கச் சொன்னாள். இரண்டு தடவை நகர்த்தி வைத்தார்கள். வைத்ததும் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தாள். மிஷின் பேசியது. அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

பரிசீலனை முடிந்து தாமான் முழுவதற்கும் வரி இறங்கியது. பழைய இடத்துக்கு இறங்கவில்லை, பாதி வழியில் நின்றது. அதற்கு அக்கா என்ன நினைத்தாளோ, முணுமுணுத்துக்கொண்டே கட்டினாள். மிஷின் மூலையை விட்டு நகரவில்லை, அது அவளுக்குப் போதும். எனக்குப் போதவில்லை. தேர்தலுக்குமுன் கோயில் மண்டபத்தில் தலைவர் கூட்டம் போட்டார். வரியைக் குறைக்கத் தான் இரவு பகல் பாராமல் போராடிய கதையைச் சொன்னார். கவுன்சிலில் மேஜையைத் தட்டினாராம். ஏழைகளின் வீட்டைக் காப்பாற்றாமல் ஓயமாட்டேன் என்றாராம். சொல்லச் சொல்ல அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா எழுந்தாள். “அண்ணே, உங்க வீடு எப்ப கவுன்சில் எல்லைக்குள்ள வரும்?”

“அது அடுத்த கூட்டத்துல வைக்கிறோம்மா.”

“அதுவரைக்கும் லோரிய எங்க பக்கம் அனுப்புறீங்களா?”

தலைவர் காது கேட்காதவர்போல, “ஆகவே இந்த வெற்றி நம் அனைவரின் வெற்றி!” என்று இரண்டு கையையும் உயர்த்தி முடித்தார். மண்டபத்தில் ஒரு கை எழவில்லை. அத்தனை பெண்களும் மடியில் கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு நிசப்தத்தை அந்த மண்டபம் அதுவரை கண்டிருக்காது. அவ்வளவு அருமையான நிசப்தத்தை ஒரு முட்டாள் கெடுத்தான். நான்தான். மைக்கில் குரல் உயர்ந்து நின்றால் கைதட்ட வேண்டும் என்று பிறந்ததிலிருந்து பழகிய கை, என்னைக் கேட்காமல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டது.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அக்காவும் பார்த்தாள். தலைவர் நன்றியோடு பார்த்தார், அதுதான் தாங்க முடியவில்லை. சேர்த்த கையை மெதுவாகப் பிரித்து உள்ளங்கையைப் பார்த்தேன்.

“கொசு,” என்றேன். “சாக்கடைய பாதியில விட்டிருக்கீங்கல்ல, தலைவரே. அதான்.”